இரண்டாம் சரணம் வரை பாண் இல்லை

பாண் வாங்க வந்தவர்களை ஒரு பாட்டின் இரண்டாம் சரணம் முடியும்வரை வெயிலில் நிற்கவைத்த வியாபாரி, மன்னார்த் தீவில் மட்டுமல்ல, நானறிந்தவரை இலங்கைத் தீவிலேயே கசெற் நானா ஒருவர்தான்.

எங்கள் ஊர்களில் பாண், அதாவது பேக்கரி ரொட்டி, வீடு தேடி வரும். ஓட்டோவின் பின்னால் பாணும் பணிஸும் அடுக்கிய கண்ணாடிப் பெட்டி, கூரையில் ஒரு ஸ்பீக்கர். நாடு முழுவதும் இந்த வண்டிகள் பெரும்பாலும் ஒரே மெட்டைத்தான் போடுகின்றன. யாரோ ஒரு வெளிநாட்டு மேதை பியானோவுக்கென்று எழுதியதாம். அவர் தன் வாழ்நாளில் ஒரு பணிஸ்கூட விற்றிருக்க மாட்டார். ஆனால் இன்று அவருடைய மெட்டுக் கேட்டால் எங்கள் பிள்ளைகளுக்கு வாய் ஊறும்.

நானாவின் வண்டியில் அந்த மெட்டு இல்லை. முதலில் ஒரு மவுத் ஓர்கன் இழுக்கும். பிறகு ஓர் ஆண்குரல், அவசரமே இல்லாமல், "கரையில் ஒரு கதிரை, காற்றோடு பேசுது" என்று தொடங்கும். பல்லவியில் நானா வண்டியை நிறுத்துவார். முதலாம் சரணத்தில் இறங்கி, கைகழுவி, கண்ணாடிக் கதவைத் திறப்பார். இரண்டாம் சரணம் முடிந்த பிறகுதான் பாணில் கைவைப்பார்.

இந்த இரண்டு சரணம் என்பதும் பேச்சுவார்த்தையில் வந்த முடிவு. பாட்டுக்கு மூன்று சரணம். மூன்றும் ஓடவேண்டும் என்றார் நானா. பல்லவியோடு நிறுத்து, இல்லையென்றால் வண்டியை வைத்துவிட்டுப் போ என்றார் பேக்கரி முதலாளி. பாண் ஆறிக்கொண்டிருந்தபடியால் இரண்டில் உடன்பாடு ஏற்பட்டது.

பாலம் தாண்டி வங்காலைக்கு அவர் போகும் காலைகளில் பிலோமினா அக்காவுக்கும் அவருக்கும் நடக்கும் சம்பாஷணையை நான் பலமுறை கேட்டிருக்கிறேன்.

"நானா, பிள்ளை பள்ளிக்கூடம் போகவேணும். பாணைத் தாங்கோ."

"இந்தா, சரணம் வந்திட்டுது பிள்ளை. கேட்டுக்கொண்டு நில்லுங்கோ."

"நேற்றும் கேட்டனான், முந்தநாளும் கேட்டனான். கதிரை இன்னும் கரையிலதான் கிடக்கு. ஆராவது அதைத் தூக்கி உள்ள வையுங்கோவன்."

"அதுக்குத்தான் மூண்டாம் சரணம் இருக்கு. முதலாளி விடுறாரில்லை."

பாடியவர் யாரென்று சொல்லவேண்டும். பெயர் வேண்டாம். மேடையில் எப்போதும் சிவப்புச் சட்டையில் தோன்றும் பழைய பொப் பாடகர். எங்கள் பக்கத்தில் அவருக்குச் சிவப்புச்சட்டை என்றே பெயர். ஒருகாலத்தில் அவருடைய பாட்டு ஒலிக்காத கலியாணவீடு இல்லை. கோழி, பஸ், மாமியார், மாம்பழம் என்று எதைப் பற்றிப் பாடினாலும் அதற்கு ஆடலாம். அப்படி ஆடவைத்தவர் திடீரென்று ஓர் அல்பம் போட்டார். 'கரையில் ஒரு கதிரை'. ஒன்பது பாட்டுகள். ஒன்றுக்கும் கால் அசையாது. போதாததற்கு, அட்டைப்படத்தில் வெள்ளைச் சட்டை அணிந்து, கடலைப் பார்த்து, முதுகைக் காட்டிக்கொண்டு கதிரையில் உட்கார்ந்திருந்தார். வாங்கியவர்கள் இது வேறு யாரோ என்று நினைத்தார்கள். கேட்டவர்கள் வேறு யாரோவாக இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தார்கள். செத்தவீட்டில் போடலாம், ஆனால் செத்தவருக்குப் பிடிக்காது என்று ஊரில் சொன்னார்கள். அத்தோடு அந்த அல்பத்தின் கதை முடிந்தது. நானா மட்டும் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

நானா முசலிப் பக்கத்துக்காரர். வடக்கு முஸ்லிம்கள் ஊரைவிட்டுப் போகவேண்டி வந்த காலத்தில் குடும்பத்தோடு புத்தளம் போய், அங்கே பல வருடங்கள் இருந்தார். அங்கு ஒரு கசெற் கடையை மூடியபோது, விற்காத சரக்கு ஒரு பெட்டி நிறையக் கிடந்தது. எல்லாம் இந்த ஒரே கசெற். கடைக்காரர் குப்பையில் போடக் கொண்டுபோனதை நானா வழியில் மறித்து வாங்கிக்கொண்டார். மன்னாருக்குத் திரும்பியபோது அந்தப் பெட்டியும் கூட வந்தது. பெயரும் அதிலிருந்து வந்ததுதான்.

பிறகு எந்தக் கலியாணத்துக்குப் போனாலும் நானாவின் பரிசு ஒரு கசெற். வங்காலையில் கிறிஸ்தவக் கோயிலில் நடந்தாலும் சரி, முசலியில் நிக்காஹ் நடந்தாலும் சரி, அதே வெள்ளைச் சட்டை முதுகுதான். கசெற் போடும் பெட்டிகள் வீடுகளிலிருந்து மறைந்த பிறகும் அவர் நிறுத்தவில்லை. "பெட்டி திரும்பி வரும்" என்பார், வெளிநாட்டுக்குப் போன மருமகனைப் பற்றிச் சொல்வதுபோல.

கசெற்றுகள் வீணாகவில்லை. கருவாடு காயவைக்கும் பந்தலுக்கு மேலே கசெற் நாடாவை உருவி இழுத்துக் கட்டினால் காற்றில் அது விர்ரென்று அதிரும், வெயிலில் மினுங்கும். காகம் கிட்ட வராது. ஒருநாள் வங்காலைக் கரையில் ஒரு மீன்வாடிக்கு முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு நானா அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். நான் அருகே போனேன். காலி கசெற் ஒன்று மணலில் கிடந்தது.

"நானா, இது உங்கட கலியாணப் பரிசெல்லோ?"

"ஓம். பாத்தனான்." கொஞ்சநேரம் காதுகொடுத்துக் கேட்டார். "காத்தாவது அதை வாசிக்குது."

"காகம் ஒண்டும் வருகுதில்லை."

"காகத்துக்கு எந்தக் காலத்தில தம்பி ரசனை இருந்தது?"

நான் அப்போது ஒரு நாளிதழுக்கு மன்னார்ச் செய்திகள் எழுதிக்கொண்டிருந்தேன். அது தெரிந்த நாளிலிருந்து நானாவுக்கு என்னிடம் ஒரே கோரிக்கை.

"றோட்டு உடைஞ்சால் எழுதுறீங்கள், வலை அறுந்தால் எழுதுறீங்கள். இந்த அல்பத்தைத் திரும்ப ஒருக்காக் கேட்டுப்போட்டு ஒரு நியாயம் எழுதினால் என்ன?"

தொல்லை தாங்காமல் ஆசிரியருக்குத் தொலைபேசி எடுத்தேன். விஷயத்தைச் சொன்னேன்.

"ஆளுக்கு என்னவும் நடந்திட்டுதோ?" என்று கேட்டார் ஆசிரியர்.

"இல்லை சேர். சுகமாய் இருக்கிறார்."

"அப்ப நடக்கட்டும். நடந்தாப் பிறகு எழுதுங்கோ."

இதை நான் நானாவிடம் சொல்லவில்லை. பதிலாக, ஒருநாள் அவருடைய ஓட்டோவில் முன்னால் ஒட்டிக்கொண்டு, மன்னாரிலிருந்து வங்காலைக்குப் போய்வரும் நேரத்தில் ஒன்பது பாட்டுகளையும் கேட்டேன். பின்னால் சூடான பாண் மணத்தோடு ஓர் அல்பத்தைக் கேட்பது விமர்சகனின் நேர்மைக்கு நல்லதல்ல. ஆனாலும் முயன்றேன்.

நாலாவது பாட்டு மோசம். யாரோ புதிதாக வாங்கிய மின்மேளத்தைக் கடைசிவரை விடாமல் தட்டுகிறார்கள். ஏழாவது பாட்டு எப்போது முடிந்தது என்று எனக்குத் தெரியவில்லை, வண்டி ஒரு பள்ளத்தில் விழுந்தது. இரண்டையும் சொன்னேன்.

"நாலாவது பிழைதான். நான் அதை ஒளிக்கேல்லை" என்றார் நானா. "மிச்சம்?"

மிச்சத்தில் ஒன்றைக் கவனித்தேன். சிவப்புச்சட்டை தன் பிரபலமான பாட்டுகளில் தாளத்துக்கு எப்போதும் சற்று முன்னால் ஓடுவார், பஸ்ஸைத் தவறவிடப்போகிறவர்போல. இந்த அல்பத்தில் அவர் தாளத்துக்குப் பிறகு வருகிறார். தாளம் போய் உட்கார்ந்துவிட்டது, இவர் கதவைச் சாத்திவிட்டு மெல்ல வருகிறார். அந்தக் குரலில் சிரிக்கவைக்கும் எண்ணமே இல்லை. இவர் இப்படியும் பாடுவாரா என்று இருந்தது. இருபத்துச் சொச்சம் வருடம் கோழியையும் மாமியாரையும் பாடிய ஒருவர் இதை எங்கே ஒளித்துவைத்திருந்தார் என்றும் இருந்தது.

கடைசியாகக் கதிரைப் பாட்டு, மூன்று சரணமும். முதலாவதில் ஒருவன் வீட்டைப் பூட்டிக்கொண்டு போகிறான், கதிரை ஒன்று கரையில் மறந்துபோய்க் கிடக்கிறது. இரண்டாவதில் மழை, வெயில், கதிரையில் வந்து குந்தும் பறவைகள். மூன்றாவதில் அவன் திரும்பி வருகிறான். ஒரு கால் மணலில் புதைந்து கதிரை அங்கேயே நிற்கிறது. அவன் அதில் உட்காருகிறான். பாட்டு பல்லவிக்குத் திரும்பாமல் அப்படியே நின்றுவிடுகிறது.

"புத்தளத்தில இதைக் கேக்கேக்க, எங்கட வீட்டு முத்தத்தில ஒரு கதிரை கிடந்ததுதான் ஞாபகம் வரும்" என்றார் நானா, பாதையைப் பார்த்தபடி. "திரும்பி வந்து பாத்தன். கதிரை இல்லை. கிணறு மட்டும் இருந்தது." பிறகு ஹோர்னை அடித்து ஒரு மாட்டை விலக்கினார்.

அதற்கு அடுத்த வருடம் வங்காலைக் கோயில் பெருநாளை ஒட்டி விளையாட்டு மைதானத்தில் ஓர் இசைநிகழ்ச்சி ஏற்பாடானது. பாடவருபவர் சிவப்புச்சட்டை. செய்தி கேட்ட நிமிடத்தில் நானா என் வாசலில் நின்றார். பேட்டி எடுக்க நான் போகும்போது தன்னையும் கூட்டிப்போகவேண்டும்.

"ஒரே ஒரு விஷயம் கேக்கவேணும் தம்பி. கதிரைப் பாட்டை மனுசன் ஒருக்கா மேடையில பாடவேணும். நாலு பேர் ஒழுங்காய்க் கேக்கவேணும். அவ்வளவுதான்." போகும் வழியில் இன்னொன்றும் சொன்னார். "பாண் வண்டியில போடுறன் எண்டு மட்டும் வாய்தவறிச் சொல்லிப்போடாதேங்கோ. நொந்துபோவார்."

சிவப்புச்சட்டை வங்காலையில் ஒரு வீட்டு விறாந்தையில், பெனியனோடு, மின்விசிறிக்கு நேரே உட்கார்ந்திருந்தார். எழுபது வயதைத் தாண்டியவர். நானா கொண்டுபோன மீன் பணிஸில் இரண்டைச் சாப்பிட்டு முடிக்கும்வரை எல்லாம் நன்றாகப் போனது. நானா விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மாறியது.

"அது வேண்டாம்" என்றார். "அந்தப் பாட்டை ஒரே ஒருக்கா மேடையில பாடினனான். மவுத் ஓர்கன் தொடங்கினதுதான், சனம் எழும்பிச்சுது. கதிரையள் அரைபடுற சத்தம். ஒருத்தர் ரெண்டு பேரில்லை, முழுச் சனமும். சாப்பிடப் போகினம். நான் கண்ணை மூடிக்கொண்டு பாடி முடிச்சன். அந்தச் சத்தத்தை இன்னொருக்காக் கேக்க எனக்கு ஏலாது, ஐயா."

"சேர், இது மன்னார்" என்றார் நானா. "இங்க ஒருத்தரும் எழும்பமாட்டினம். அதுக்கு நான் பொறுப்பு."

"நீங்கள் எப்பிடிப் பொறுப்பு?"

நானா என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். "எங்கட சனத்தை எனக்குத் தெரியும் சேர்" என்றார் நானா.

"பாப்பம்" என்றார் பாடகர். அதற்கு இல்லை என்றுதான் பொருள்.

அன்று மாலை அவரை அந்தப் பாட்டுக்குக் கொண்டுவந்தது நானாவின் வேண்டுகோள் அல்ல, மூச்சு. கோழி, பஸ், மாமியார் மூன்றையும் அடுத்தடுத்துப் பாடி ஆடியதில் சிவப்புச் சட்டை நனைந்து கறுப்பாகிவிட்டது. மாம்பழத்துக்கு முன்னால் மெதுவான பாட்டொன்று இல்லாவிட்டால் ஆள் விழுந்துவிடுவார்போல இருந்தது. வாத்தியக்காரரிடம் குனிந்து ஏதோ சொன்னார். மவுத் ஓர்கன் இழுத்தது.

பிலோமினா அக்கா எழும்பினார்.

அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் எழும்பினார். முன்வரிசையில் ஒரு பெரியவர் எழும்பிச் சட்டைப்பையைத் தடவினார். பிள்ளைகள் துள்ளி எழும்பி வீதிப்பக்கம் திரும்பினார்கள். பிளாஸ்டிக் கதிரைகள் அரைபடும் சத்தம் மைதானத்தின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போனது. யாரும் யோசித்து எழும்பவில்லை. அந்த மவுத் ஓர்கன் கேட்டால் வங்காலையில் கால்கள் தாமாகவே எழும்பும்.

மேடையில் சிவப்புச்சட்டை மைக்கை வாயிலிருந்து இறக்கிவிட்டார். கண்களை மூடிக்கொண்டார். பல்லவி தொடங்கவேண்டிய இடம் வந்தது, போனது. வாத்தியக்காரர் செய்வதறியாமல் அதே இழுப்பை மறுபடி இழுத்தார்.

என் பக்கத்தில் நின்ற நானா என் முழங்கையைப் பிடித்தார்.

"தம்பி, நான் மனுசனை ஏமாத்திப்போட்டன்."

அதற்குள் சனத்துக்கு விஷயம் விளங்கிவிட்டது. வண்டி இல்லை. ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். ஆனால் எவரும் உட்காரவில்லை. பாட்டுத் தொடங்கினால் முடியும்வரை நிற்கவேண்டும் என்று பழக்கப்பட்ட சனம். பல்லவிக்கான இடம் இரண்டாம் முறை வந்தபோது, மேடையில் யாரும் பாடாததைக் கண்டு, பிலோமினா அக்கா தொடங்கினார். "கரையில் ஒரு கதிரை." அடுத்த வரிக்கு மைதானம் முழுவதும் சேர்ந்துகொண்டது. பாட்டுப் பாடுகிறவர்களின் முகமில்லை அவர்களுக்கு. பாணுக்கு நிற்கிறவர்களின் முகம், சற்றுச் சலிப்பான, பொறுமையான முகம். ஆனால் ஒரு சொல் பிசகவில்லை.

சிவப்புச்சட்டை கண்ணைத் திறந்தார். முதலாம் சரணத்தின் நடுவில்தான் அவருக்குக் குரல் வந்தது.

இரண்டாம் சரணம் முடிந்ததும் சனம் வழக்கப்படி அரையடி முன்னால் நகர்ந்தது. பாட்டு நிற்கவில்லை. மூன்றாவது வந்தது. அது அவர்களுக்குத் தெரியாது. மைதானம் அடங்கிப்போனது. அந்தக் கிழவர் தனியாக, தாளத்துக்குச் சற்றுப் பின்னால், திரும்பி வந்த மனிதனைக் கதிரையில் உட்காரவைத்துவிட்டு நிறுத்தினார். அதன் பிறகும் கொஞ்சநேரம் ஒருவரும் உட்காரவில்லை.

"அப்ப அதை உள்ள எடுத்து வைக்கேல்லை" என்றார் பிலோமினா அக்கா, யாரிடமும் இல்லாமல்.

நிகழ்ச்சி முடிந்து மேடைக்குப் பின்னால் போனோம். சிவப்புச்சட்டை கழுத்தில் துவாயோடு இருந்தார். நானாவைக் கண்டதும் எழுந்து வந்து இரண்டு கைகளையும் பிடித்தார்.

"ஏன் எல்லாரும் எழும்பினவை?"

நானா என்னைப் பார்க்கவில்லை. "மரியாதைக்கு, சேர்" என்றார்.

என் தொழிலில் இப்படியான தகவல்களை உடனே திருத்துவது வழக்கம். நான் ஒரு தண்ணீர்ப் போத்தலின் மூடியோடு போராடிக்கொண்டிருந்தேன்.

அடுத்தநாள் காலை நடந்ததை நான் பார்க்கவில்லை. பிலோமினா அக்கா சொன்னதுதான். நானா வழக்கமான இடத்தில் வண்டியை நிறுத்தி, முதலாம் சரணத்தில் கைகழுவிக்கொண்டு நிற்க, பாடகரை ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் புறப்பட்ட வான் பின்னால் வந்து நின்றதாம்.

"மனுசன் வானுக்குள்ள இருந்து எங்களைப் பாத்தார். ஸ்பீக்கரைப் பாத்தார். நானாவுக்கு முகத்தில ரத்தமில்லை. பிறகு இறங்கி வந்து எனக்குப் பின்னால நிண்டார், இடுப்பில கட்டின சறத்தோட. ரெண்டாம் சரணம் முடியுமட்டும் காத்திருந்தார். ஒரு இறாத்தல் பாண் வாங்கினார். போகேக்க நானாவிட்டைச் சொன்னார்: இவ்வளவு தூரம் நிக்கவைச்சனீங்கள், மூண்டாம் சரணத்தையும் போடுங்கோவன்."

மேலிடத்து உத்தரவு என்பதால் முதலாளியால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இப்போது மூன்று சரணமும் ஓடுகிறது. பாட்டு நின்ற பிறகு நானா ஒரு மூச்சு எடுக்கும் நேரம் சும்மா நிற்பார், பிறகுதான் பாண்.

எங்கள் தெருவுக்குக் காலையில் வேறு இரண்டு பாண் ஓட்டோக்களும் வருகின்றன. நிறுத்தியவுடன் தந்துவிடுவார்களாம், பாணும் நன்றாக இருக்குமாம். நான் வாங்கிப் பார்த்ததில்லை.