தாலிக் கயிற்றில் தொங்கிய ராஜா

கோலா சிலாங்கூரிலிருந்து கிள்ளான் வரை ரோமாபுரிச் சக்கரவர்த்திகளை டிக்கெட் இல்லாமல் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போன ஒரே மனிதர் எங்கள் செக்கர் அண்ணன்தான். கோலாலம்பூர்ப் பக்கம் எண்பதுகளில் நடந்த கதை இது. பஸ் நிலையத்துக் கவுண்டரில் நான் டிக்கெட் விற்றுக்கொண்டிருந்தேன். அவர் ஓடுகிற பஸ்ஸில் ஏறி அந்த டிக்கெட்டுகளைச் சோதிப்பவர். அவருக்கும் பெயர் ஒன்று இருந்திருக்கும். சம்பளம் போடுகிற கிராணியைத் தவிர யாருக்கும் அது தேவைப்படவில்லை.

நேற்றைய டிக்கெட்டை மடித்து நீட்டுகிறவனைப் படிக்கட்டில் கால் வைக்கும்போதே பிடித்துவிடுவார். அப்படிப்பட்ட கண். அந்தக் கண்தான் ஒரு வெள்ளிக் காசில் இருந்த ஆளை அடையாளம் தெரியாமல் மாதக்கணக்கில் திண்டாடியது.

காசு அவர் மனைவியுடையது. அக்கா பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கத்து ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவர். அவருடைய முன்னோர் யாருக்கோ கரூர்ப் பக்கம் ஏர் ஓட்டும்போது கிடைத்த காசாம். அதில் துளை போட்டுக் கயிற்றில் கோத்தார்கள். அது கப்பலேறி வந்து, அம்மாவிடமிருந்து மகளுக்கு என்று இறங்கி இறங்கி, கடைசியில் அக்காவின் தாலிக் கயிற்றில் தங்கப் பொட்டுக்குப் பக்கத்தில் தொங்கியது. ஒரு பக்கத்தில் ஒரு பெண் கையில் கொப்போடு உட்கார்ந்திருப்பாள். வேப்பிலை பிடித்த மாரியம்மாதான் என்று குடும்பமே கும்பிட்டது. மறுபக்கத்தில் ஓர் ஆணின் தலை. மாரியம்மா வெளியே பார்க்கும்படி கட்டியதால், அந்தத் தலை எப்போதும் அக்காவின் நெஞ்சோடு ஒட்டியே இருந்தது.

"ஏங்க, இத்தனை வருஷமா என் நெஞ்சுல சாஞ்சிக்கிட்டு இருக்கான். யாருன்னு தெரிய வேணாமா?" என்று அக்கா அடிக்கடி கேட்பாராம்.

"யாரா இருந்தா என்னா? நீ சோத்தப் போடு" என்பாராம் அண்ணன்.

ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்த அக்கா எழுந்திருக்கவே இல்லை. தங்கப் பொட்டைக் கோயில் உண்டியலில் போட்டுவிட்டு, காசை மட்டும் அண்ணன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கேட்ட ஒரு கேள்விக்குக்கூடப் பதில் சொல்லாமல் அனுப்பிவிட்டோமே என்ற குறை அவரைப் பிடித்து ஆட்டியது. எப்படியாவது அந்த ஆள் யாரென்று கண்டுபிடித்து, அக்காவின் படத்துக்கு முன்னால் நின்று சொல்லிவிட வேண்டும். அவ்வளவுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

கோலாலம்பூரில் பழைய தபால்தலையும் காசும் விற்கும் சீனர் ஒருவர், இது ரோமாபுரிக் காசு, எந்த ராஜா என்று தனக்குத் தெரியாது என்று சொல்லி, தடித்த ஆங்கிலக் கேட்டலாக் ஒன்றை அண்ணன் தலையில் கட்டினார். புத்தகம் முழுக்கத் தலைகள். எல்லாம் பக்கவாட்டில் பார்க்கும் தலைகள். எல்லாருக்கும் நீள மூக்கு, பாதிப் பேருக்கு இலைக் கிரீடம். முகத்தை வைத்தே ஆளைப் பிடித்துவிடலாம் என்று நினைத்தார் அண்ணன். டிக்கெட் செக்கருக்கு வேறெப்படித் தோன்றும்? பழகிக்கொள்வதற்காக எங்களை எல்லாம் திருப்பித் திருப்பி நிறுத்திப் பார்த்தார். ஒருநாள், பேச்சுக்குப் பேச்சு ‘லா’ போடும் கிள்ளான் பஸ் டிரைவர் மாட்டிக்கொண்டார்.

"டிரைவரே, நீங்க அசல் நீரோ. கழுத்தப் பாருங்க, அப்படியே இருக்கு."

"நீரோ யாரு லா?"

"ஊரு பத்தி எரியறப்ப வாத்தியம் வாசிச்சவன்."

"போன மாசம் இஞ்சின் பத்தி எரியறப்ப நான் தேத்தண்ணி குடிச்சிக்கிட்டு இருந்தேன். சரியாத்தான் லா இருக்கு" என்றார் டிரைவர்.

வாரத்துக்கு ஒரு ராஜா மாறினார். அண்ணன் வீட்டுக்குப் போய் அக்காவிடம் பெயரைச் சொல்லிவிடுவார். அடுத்த வாரம், "போன வாரம் சொன்ன ஆளு இல்ல, மன்னிச்சிக்க" என்று படத்துக்கு முன்னால் திருத்திச் சொல்வார். பெண்டாட்டி போனதில் மூளை குழம்பிவிட்டது என்று பஸ் நிலையமே பேசியது. நானும் சிரித்தேன். ஆனால் அந்த மன்னிப்பை நினைத்தால் சிரிப்பு பாதியில் நின்றுவிடும்.

கடைசியில், முகத்தை விட்டுவிட்டுக் காசைச் சுற்றியிருக்கும் எழுத்தைப் பார் என்று புத்தகமே வழி காட்டியது. ஆனால் எழுத்துகளுக்குள் என்னமோ அப்பிக் கிடந்தது. ஏ, வி, ஜி என்று மூன்று எழுத்து மட்டும் தெரிந்தது. ரோமாபுரிக் காசில் யு-வை வி என்றுதான் போடுவார்களாம்.

"ஆகஸ்டு மாசத்துல அடிச்ச காசும்மா!" என்று என் கவுண்டருக்கு ஓடி வந்தார் அண்ணன்.

"சுதந்திரம் கெடச்ச மாசமாச்சே, அப்ப மெர்டேக்கா காசு லா!" என்றார் டிரைவர். அது மாதமில்லை, ரோமாபுரி ராஜாக்கள் எல்லாரும் வைத்துக்கொள்ளும் ‘அகஸ்டஸ்’ என்ற பட்டத்தின் சுருக்கம் என்று பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் காலை அண்ணன் நீட்டிய காசு பளபளவென்று மின்னியது. தைப்பூசத்துக்குக் குத்துவிளக்கு தேய்ப்பதுபோல, புளியும் விபூதியும் போட்டுப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்திருக்கிறார். இப்போது எழுத்தெல்லாம் நன்றாகத் தெரிந்தது. கேட்டலாக்கை விரித்து மூன்று பேரும் தலையைக் குனிந்தோம். எழுத்து பொருந்தியது. கொப்பு பிடித்த பெண்ணும் பொருந்தினாள். திபேரியஸ்! டிரைவர் தன் கைக்காசில் எல்லாருக்கும் தேத்தண்ணி வாங்கித் தந்தார். அது அன்றைய இரண்டாவது அதிசயம்.

"சாயங்காலம் போயி அவகிட்ட சொல்லிடணும்" என்றார் அண்ணன். அவர் முகத்தில் அப்படி ஒரு தெளிவை அக்கா போனபிறகு நான் பார்த்ததில்லை.

நான் சும்மா புத்தகத்தின் முன்பக்கங்களைப் புரட்டினேன். புதிதாகக் காசு பார்ப்பவர்களுக்கு என்று எழுதியிருந்த அந்தப் பக்கங்களை நாங்கள் யாரும் தொட்டதே இல்லை. தடித்த எழுத்தில் இருந்ததைத் தமிழில் சொல்லிக்கொண்டே படித்தேன்: எந்தக் காரணம் கொண்டும் பழைய காசைத் தேய்த்துக் கழுவாதீர்கள். அதில் படிந்திருப்பதையும் சேர்த்துக் காப்பாற்றுங்கள்.

டிரைவர் சிரித்தார். அண்ணன் காசையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுத்துக்குள்ள மஞ்சளா இருந்துச்சும்மா" என்றார். "வெள்ளிக்கிழமையானா தாலிக்குப் பூசுவாளே, அந்த மஞ்சள். அழுக்குன்னு நெனச்சிட்டேன். புளியப் போட்டு நானே தேச்சிக் கழுவிட்டேன்."

கவுண்டர் பலகையில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதார். கிள்ளான் பஸ் கிளம்ப வேண்டிய நேரம். டிரைவர் அசையவில்லை. சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்த பயணிகளும் சத்தம் போடவில்லை.

எதையாவது சொல்ல வேண்டுமே என்று நான் புத்தகத்தைப் புரட்டினேன். திபேரியஸ் பக்கத்தில் அவரைப் பற்றிக் கொஞ்சம் எழுதியிருந்தது.

"அண்ணே, இந்த ராஜாவுக்கு அவரு பொண்டாட்டின்னா உசுராம். கட்டாயப்படுத்திப் பிரிச்சி வச்சிட்டாங்களாம். அப்புறம் ஒருநாள் அந்தம்மாவ வழியில பாத்துட்டு, அழுதுக்கிட்டே பின்னாலயே போனாராம்."

அண்ணன் தலையைத் தூக்கினார். "மறுபடி சேந்தாங்களா?"

"இல்லண்ணே."

வெகுநேரம் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாவம், அழுதவனாத்தான் இருக்கான். அவ நெஞ்சுலயே சாஞ்சிருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

அந்த ராஜா செய்த கொடுமைகளைப் பற்றிக் கீழே இன்னும் நாலு வரி இருந்தது. அவற்றை நான் படித்துக் காட்டவில்லை. அதில் எனக்கு இன்றுவரை ஒரு வருத்தமும் இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை, டிக்கெட்டுகள் எல்லாம் மஞ்சளாக இருக்கின்றன என்று கவுண்டருக்குப் புகார் வந்தது. எட்டிப் பார்த்தேன். அண்ணனின் கட்டைவிரல் நகக்கண் வரை மஞ்சள். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் அவர் சோதித்துத் தந்த டிக்கெட்டுகளில் எல்லாம் மஞ்சள் கைரேகை இருந்தது. கொஞ்ச நாளில் புகார் சொல்வதையும் விட்டுவிட்டார்கள்.

எனக்குக் கல்யாணமாகி ஊர் மாறி வந்தபிறகு, அண்ணன் போய்விட்டார் என்று டிரைவர்தான் சொல்லி அனுப்பினார். காசு யாரிடம் போனது என்று அவருக்கும் தெரியவில்லை. இப்போதும் வெள்ளிக்கிழமை என் தாலிக்கு மஞ்சள் குழைக்கும்போது, அந்தக் காசுக்கு இனி யார் பூசப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு ஒரு சிட்டிகை கூடுதலாகவே எடுக்கிறேன்.