ஊர்வலத்தை விட்டு ஓடிய சொல்தா

“14-7-1979, சனி. சொல்தாக்கள் ஊர்வலத்திலிருந்து ‘நட பாக்கலாம்’ முசியே பாதியில் ஓடிவிட்டார். மெடல்களோடு.” என் பழைய டைரியில் அன்றைய பக்கத்தில் இவ்வளவுதான் இருக்கிறது.

எங்கள் உப்பளம் வட்டாரத்தில் அவர் கண்ணில் படாமல் நிம்மதியாக நடந்தவர் ஒருவரும் கிடையாது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் காயக்கட்டு போடும் வேலை பார்த்து, பென்ஷனோடு ஊர் திரும்பிய சொல்தா அவர்; பிரெஞ்சில் ‘ஐயா’ என்பதுபோல ஊரே அவரை ‘முசியே’ என்றது. மற்ற சொல்தாக்கள் மாலையில் சீட்டாடுவார்கள். இவர் இடது காலை லேசாக விந்திக்கொண்டே அடுத்தவர் பின்னால் நடப்பார். முட்டி, முதுகு என்று யாராவது முனகினால் போதும், “நட பாக்கலாம்” என்பார். நடந்தால் “திரும்பு”, திரும்பினால் “குந்து”, குந்தினால் “கொடத்தத் தூக்கு.” வலிக்கிற இடத்தைத் தொடவே மாட்டார்.

“வலி ஒரு எடத்துல கத்தும்பா. திருடன் வேற எடத்துல இருப்பான்.”

ஒருமுறை, காலை இழுத்து நடந்த ஒருவரைப் பெரிய மார்க்கெட் வரை பின்தொடர்ந்தார். பிடித்து விசாரித்தால், “செருப்பு வாரு அறுந்துபோச்சுங்க” என்றார் அவர்.

முசியே அசரவில்லை. “ஏன் அறுந்துச்சுன்னு யோசிச்சியா? நட பாக்கலாம்!”

அந்த ஜூலையில் அவரிடம் சிக்கியவர் என் அடுத்த வீட்டுக் கலியபெருமாள். மில்லில் தறி ஓட்டுபவர். வலப்பக்க இடுப்பில் வலி. பாதி ஷிப்டுக்கு மேல் நிற்க முடியவில்லை. கோரிமேட்டு ஆஸ்பத்திரி மாத்திரை, தைலம், வெந்நீர் ஒத்தடம் எதற்கும் மசியவில்லை. மேஸ்திரி கெடு வைத்துவிட்டார்: “ஆகஸ்ட் ஒண்ணாந்தேதி முழு ஷிப்டு நிக்கலன்னா, தறிய வேற ஆளுக்குக் குடுத்துடுவேன். நீ பஞ்சு கூட்டப் போயிடு.” பதினாறு வருடம் தறி ஓட்டியவருக்கு இதைவிடப் பெரிய அவமானம் இல்லை. தூக்கமே போயிற்று.

முசியே அவரைத் தெரு நடுவில் நிறுத்தி, இல்லாத தறியில் அறுந்த இழையை முடிச்சுப் போடவைத்துப் பார்த்தார். “தறியில குத்தம் இல்ல” என்று தீர்ப்பளித்தார். பிறகு நான்கு நாள் கலியபெருமாளை நிழல்போலத் தொடர்ந்தார். டீக்கடையில் எட்டிப் பார்த்தார். சலூனில் நாற்காலிக்கு அடியில் குனிந்து கால் வைக்கும் லட்சணத்தை ஆராய்ந்தார். கலியபெருமாளுக்கு இடுப்போடு தலையும் வலிக்க ஆரம்பித்தது.

அப்போதுதான் பிரெஞ்சு தேசிய தினமான ஜூலை 14 வந்தது. சொல்தாக்கள் மெடல் குத்திக்கொண்டு கடற்கரையை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள். எதிரே கலியபெருமாள் சைக்கிளில் வந்தார். பின்னால் கேரியரில் மனைவி அஞ்சலை. அவ்வளவுதான், முசியே வரிசையை உடைத்துக்கொண்டு விந்தி விந்தி ஓடினார்.

“நிறுத்து! ஆப்ட்டான் திருடன்! அஞ்சல, நீதாம்மா!”

“யாரப் பாத்து திருடன்ற? மெடலு குத்திக்கினா இன்னா வேணா பேசுவியா?”

“நீ எப்பவும் எடது பக்கமே கால் தொங்கப் போட்டு ஒக்கார்ற. வண்டி சாயாம இருக்க, இவன் வலது பக்கம் இடுப்ப ஒடிக்கிறான். எத்தினி வருசமா?”

“கண்ணாலம் ஆனதுலேருந்து.”

“பக்கம் மாத்து.”

“எந்தப் பொம்பள அந்தப் பக்கம் ஒக்காருவா? ஊரே சிரிக்கும்!”

கலியபெருமாள் ஈனக்குரலில், “தறி போயிடும் அஞ்சல” என்றார். அவள் இறங்கி வலப்பக்கம் ஏறினாள். பத்தடி தாண்டுவதற்குள் இருவரும் இளநீர்க் குவியலில் விழுந்தார்கள். ஊர் சிரிக்கத்தான் செய்தது. இரண்டாவது முறையும் விழுந்தார்கள். “மெரசலாவாத! நேரா ஒக்காரு!” என்று முசியே கூடவே ஓடினார். ஊர்வலம் அவர் இல்லாமலே கடற்கரை போய்ச் சேர்ந்தது.

அதன்பின் தினமும் மார்க்கெட்டுக்குப் போகும்போது இந்தப் பக்கம், வரும்போது அந்தப் பக்கம். ஆகஸ்ட் முதல் தேதி, புதன்கிழமை, கலியபெருமாள் முழு ஷிப்டும் நின்றார்.

அன்று சாயங்காலம் இருவரும் சைக்கிளில் முசியேவைத் தேடி வந்தார்கள். நானும் இருந்தேன். அஞ்சலை இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்: “ஊரையே நடக்க வெச்சுப் பாக்குறீங்களே, நீங்க நடங்க பாக்கலாம்.”

அந்த மனிதர் அசையாமல் நின்று நான் பார்த்தது அப்போதுதான். யாரும் அவரிடம் அதைக் கேட்டதில்லை.

“என் திருடன் ரொம்ப தூரத்துல இருக்கான்மா” என்றார்.

அந்தக் கால் போர்க்களத்தில் கெட்டதென்பார்கள் சிலர். ஊர் திரும்பிய நாளில் கப்பல் படியில் வழுக்கியதென்பார்கள் சிலர். இரண்டுக்கும் சான்று கிடைக்கவில்லை. டைரியில் ‘சரிபார்க்கப்படவில்லை’ என்றே இருக்கிறது. அஞ்சலை கேரியரைத் தட்டிக் காட்டி, “ஏறுங்க” என்றாள். அவர் ஏறி உட்கார, கலியபெருமாள் மெதுவாக மிதிக்க, அவள் பக்கத்தில் நடந்துபோனாள்.