கோராவின் இரண்டு பட்டங்களும் என் ஒரு கணுக்காலும்

அன்பும் மரியாதையும் மிக்க ஐரீன் அக்காவுக்கு,

பென்சில்வேனியாவிலிருந்து உன் தம்பி லெனார்ட், வலது காலைச் சோபாவின் கைப்பிடிமேல் தூக்கி வைத்துக்கொண்டு எழுதுவது. இங்கே நான், பெவ், கோரா மூவரும் நலம். மூவரில் ஒருவர் மாவுக்கட்டோடு நலம். அரிசோனாவில் நீயும் மில்ட் அத்தானும் அவருடைய புது முழங்காலும் சௌக்கியமாக இருக்க வேண்டும். போனை எடுத்தால் உன் காதுக்கருவி விசிலடிக்கிறது என்று நீயே சொன்னதால் இந்தக் கடிதம். முழுதும் படித்து முடிக்கும்வரை யாரிடமும் சொல்லாதே, முக்கியமாக உன் சர்ச் சிநேகிதிகளிடம்.

விஷயம் கோராவின் படிப்பு. என் மகள் பதினேழு வயதில் ஏழு வருடத் திட்டம் ஒன்றில் சேர்ந்தது உனக்குத் தெரியும். மூன்று வருடம் கம்ப்யூட்டர், நான்கு வருடம் மருத்துவம், நடுவில் நுழைவுத் தேர்வு கிடையாது, ஒரு வருடம் மிச்சம். நேர்முகத்தில் ஏன் டாக்டராக வேண்டும் என்று கேட்டதற்கு, "எங்க அத்தை" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாளாம். முப்பத்தொரு வருடம் ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக நின்றவள் நீ. ஆகவே பழியில் பாதி உனக்கு. மீதிப் பாதி எனக்கு, ஏனென்றால் அந்தத் திட்டப் புத்தகத்தின் பதினொன்றாம் பக்கத்தை நான் இந்த இலையுதிர் காலத்தில்தான் படித்தேன். கம்ப்யூட்டர் பட்டத்தின் நான்காம் வருடம் என்பது மருத்துவத்தின் முதல் வருடமாம். கோரா மே மாதமே கம்ப்யூட்டர் பாடங்களையெல்லாம் நல்ல மார்க்கோடு முடித்துவிட்டாள், பட்டம் தரவில்லை. மருத்துவ முதல் வருடம் தேறினால்தான் தருவார்கள். தேறாவிட்டால் மருத்துவ இடம் போனது போனதுதான்; திரும்பிப் போய் இன்னொரு வருடம் கம்ப்யூட்டர் படித்தால் அந்தப் பட்டமாவது மிஞ்சும். அதாவது அக்கா, கம்ப்யூட்டர் பட்டம் வேண்டுமென்றால் பிணம் அறுக்க வேண்டும். இருபத்தாறு வருடமாகப் பள்ளிப் பேருந்துகளைப் பழுது பார்க்கிறேன். ஒரு வண்டியின் சாவியை இன்னொரு வண்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வந்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்குத் திட்டம் என்று பெயர் வைத்துப் புத்தகம் போட்டவர்களை இப்போதுதான் பார்க்கிறேன்.

ஆகஸ்டில் உடற்கூறு வகுப்பு ஆரம்பித்தது. ஒரு உடலுக்கு நாலு பேர். மற்ற மூவரும் கத்தியைப் பிடிக்க, கோரா ஓரமாக நின்று குறிப்பு வாசித்திருக்கிறாள். வாசித்ததோடு நிற்காமல் ஒரு புரோகிராமும் எழுதியிருக்கிறாள். திரையில் ஒரு மனிதன் நிற்பான், தட்டினால் தோல் போகும், இன்னொரு தட்டுக்குத் தசை போகும், தவறாகத் தட்டினால் எல்லாவற்றையும் பழையபடி ஒட்டவைக்கலாம். வகுப்பு முழுக்க அதை வைத்துத்தான் படிக்கிறது, பேராசிரியர் உள்பட. தேர்வன்று உடல்களில் அங்கங்கே எண் போட்ட சீட்டு கட்டியிருப்பார்கள், ஒரு நிமிடத்துக்கு ஒரு மணி அடிக்கும், இது என்ன என்று எழுதிவிட்டு அடுத்த மேசைக்கு நகர வேண்டும். அவள் புரோகிராமை வைத்துப் படித்தவர்கள் எல்லோரும் தேறிவிட்டார்கள். எழுதியவள் இரண்டு தடவையும் ஐந்தாவது மணி அடித்ததுமே வெளியே போய்க் காரில் உட்கார்ந்துகொண்டாள். மூன்றாவது தேர்வு டிசம்பர் நடுவில். அதிலும் காரில் உட்கார்ந்தால் கதை முடிந்தது.

நன்றி தெரிவிக்கும் நாளுக்கு வீட்டுக்கு வந்தாள். ரத்தத்தைக் கண்டு பயப்படுகிறாள் போலிருக்கிறது என்று நினைத்து, பழக்கப்படுத்துவோமே என்று வான்கோழியை அவளிடம் கொடுத்தேன். மூட்டு மூட்டாகப் பிரித்துத் தட்டில் அடுக்கினாள், படத்தில் வரைந்தது போல. அதைப் பார்த்துப் பொறாமைப்பட்ட பெவ்வின் அண்ணன் ரூடி, மின்சாரக் கத்தியை எடுத்து மிச்சத்தை நானே வெட்டுகிறேன் என்று கிளம்பி, கட்டைவிரலையும் சேர்த்து வெட்டிக்கொண்டார்.

"விரல் இருக்கா? விரல் இருக்கா?" என்று கண்ணை மூடிக்கொண்டு கத்தினார்.

"இருக்கு மாமா. கையத் தூக்கிப் பிடிங்க. அம்மா, சுத்தமான துண்டு. அப்பா, நீங்க உட்காருங்க, முகம் வெளுத்துப்போச்சு."

நான் உட்கார்ந்தேன். அவள் துண்டை இறுக்கிக் கட்டி அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். ஏழு தையல். மேசை விரிப்பைத் தூக்கிப்போட வேண்டியதாயிற்று, முட்டைக்கோஸ் உருண்டைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆக ரத்தம் இல்லை. அப்படியானால் இறந்த உடம்புதான் பிரச்சினை என்று முடிவு கட்டி, சனிக்கிழமை மான் வேட்டைப் பருவம் தொடங்கியதும் அவளையும் கூட்டிக்கொண்டு காட்டுக்குப் போனேன். மரத்தில் கட்டிய ஏணி மேடையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்த பிறகு கிளைக்கொம்புள்ள ஒரு ஆண் மான் வந்தது. குறி பார்த்தேன்.

"அப்பா, அது நம்மளையே பார்க்குது."

"பார்க்கட்டும்."

"இல்லப்பா, நல்லாப் பார்க்குது."

அதன்பிறகு சுட முடியவில்லை. துப்பாக்கியிலிருந்து குண்டுகளை எடுத்துவிட்டு இறங்கியபோது கடைசி மூன்று படிகளைக் காணவில்லை. படிகள் இருந்தன, நான்தான் அவற்றை மிதிக்கவில்லை. நான் விழுந்ததையும் அந்த மான் நின்று பார்த்துவிட்டுத்தான் போனது. நான் அலறிக்கொண்டிருக்கும்போது கோரா என் பூட்ஸைக் கழற்றி, ஒவ்வொரு எலும்பாகத் தொட்டு அதற்குரிய லத்தீன் பெயரைச் சொல்லிக்கொண்டே வந்து, ஒன்றில் நிறுத்தினாள். "இதுதான். வெளிப்பக்கம், கீழ் நுனி, விரிசல். விலகல." என் ஆரஞ்சு நிற வேட்டைச் சட்டையையும் இரண்டு குச்சிகளையும் வைத்துக் கட்டினாள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துவிட்டு அதையேதான் சொன்னார்கள், ஆனால் மூன்று மணி நேரம் கழித்து.

திரும்பும்போது அவள்தான் வண்டியை ஓட்டினாள். மாத்திரை மயக்கத்தில் எனக்குத் தைரியம் வந்து கேட்டுவிட்டேன். "அப்புறம் எதுக்குடி பரீட்சையில பாதியிலேயே வெளிய ஓடுற?"

முன்னால் போன லாரியைத் தாண்டினாள். பிறகு சொன்னாள்: "எங்க மேசையில ஒரு வயசான அம்மா. முகத்தை மூடித்தான் வச்சிருப்பாங்க. கையைத் திறந்த அன்னைக்கு, நகத்துல பாலிஷ் இருந்துச்சுப்பா. பீச் கலர். நேத்துதான் போட்ட மாதிரி. யாரையோ பார்க்கப் போறதுக்காகப் போட்டிருப்பாங்க. அதுக்கப்புறம் எந்த மேசைக்குப் போனாலும் நான் கையத்தான் பார்க்கறேன்."

 ஹீட்டரைக் கூட்டி வைத்தேன். அது ஏற்கெனவே முழுசாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ஆகவே அக்கா, உன்னை வேண்டிக்கொள்வது இதுதான். போதும் என்று அவளுக்கு ஒரு கடிதம் எழுது. நான் சொன்னால் அவளை நம்பவில்லை என்று நினைப்பாள். நீ சொன்னால் கேட்பாள். திரும்பிப் போய் ஒரு வருடம் கம்ப்யூட்டர் படித்து அந்தப் பட்டத்தை வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருக்கட்டும். அந்தப் பீச் நிறத்தை நினைத்து என் பிள்ளை காரில் தனியாக உட்கார்ந்திருப்பதை என்னால் தாங்க முடியவில்லை. 'டாக்டர் கோரா ஹ்ரஸ்கா' என்று பித்தளைப் பலகை செய்யக் கொடுத்திருக்கிறாயாமே, அதை நிறுத்திவிடு. முடியாவிட்டால் 'டாக்டர்' என்ற இடத்தில் ஏதாவது பூ வரையச் சொல்.

மில்ட் அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல். கடவுள் உங்கள் வீட்டையும் அதன் ஏர்கண்டிஷனரையும் ஒரு குறையுமில்லாமல் காக்கட்டும். கிறிஸ்துமஸுக்கு வழக்கம்போல் நீ சுடும் நட் ரோல் ரொட்டியை அனுப்பு, கசகசா வைத்தது ஒன்றும் சேர்த்து.

என்றும் உன் அன்புத் தம்பி,
லெனார்ட்

பி.கு.: மேலே இருப்பதை எழுதி இன்றோடு பதினாறு நாள். நொண்டிக்கொண்டு தபால் பெட்டிவரை என்னால் போக முடியாது. பெவ்விடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "இத நான் போடமாட்டேன், லென். அவ பரீட்சை முடியட்டும்" என்று ஃப்ரிட்ஜின் மேல் வைத்துவிட்டாள். நேற்றுத்தான் இறக்கிக் கொடுத்தாள். ஏனென்றால் நேற்று கோரா போன் செய்தாள். கடைசி மணிவரை உள்ளே இருந்திருக்கிறாள், தேறிவிட்டாள். முப்பத்தொன்றாம் எண் சீட்டு அந்த அம்மாவின் மணிக்கட்டில் இருந்த ஒரு நரம்பில் கட்டியிருந்ததாம். எழுதிவிட்டு நகர்ந்திருக்கிறாள். தேர்வு முடிந்து எல்லோரும் போன பிறகு திரும்பிப் போய், அந்தக் கையைச் சற்று நேரம் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு வந்தாளாம். ஆகையால் நீ அவளுக்கு ஒன்றும் எழுத வேண்டாம். பலகை இருக்கட்டும், பூ வேண்டாம். இத்தனை பக்கம் எழுதியதைக் கிழிக்க மனம் வராததால் அப்படியே அனுப்புகிறேன்.

இன்னொன்று. இறந்த பிறகு உடலைத் தருவதற்கு அவர்கள் கல்லூரியில் ஒரு படிவம் இருக்கிறதாம். வரவழைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். "நகத்துக்கு என்ன கலர் அடிக்கட்டும்?" என்று பெவ் கேட்கிறாள். எனக்கு அது தேவையில்லை. இருபத்தாறு வருட கிரீஸ் கறுப்பு இருக்கிறது, எந்தச் சோப்புக்கும் போகாதது. அதைப் பார்த்துவிட்டு எந்தப் பிள்ளையாவது வெளியே போய்க் காரில் உட்கார்ந்தால், திட்டாமல் கொஞ்ச நேரம் விட்டுவிடும்படி படிவத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறேன்.