லெப்பைக்குடிக்காட்டு மில்லில் காரம் தோற்ற படலம்

சொல்லின் வேர் தேடி நிலத்தைக் குடைபவரே, பிறமொழிச் சொல் கண்டால் பொறி பறக்கும் கண்ணினரே, ஒன்பதாம் வகுப்பை ஒற்றைக் கனைப்பில் அடக்கும் தமிழாசிரியர் அறிவரசரே, வாழ்க. பச்சரிசி நிறைந்த எவர்சில்வர் தூக்கை வலக்கையில் ஏந்தி நீர் அரவை மில்லுக்குள் புகுந்த அந்த மாலையைப் பாடுகிறேன்.

மில்லின் வழக்கம் அதன் இயந்திரத்தைவிடப் பழையது. அரிசிக்காரர் எல்லாரும் அரைத்துத் தீர்ந்த பிறகே மிளகாய் உள்ளே விழும். முறை மாறினால் அடுத்தவர் மாவு சிவக்கும்.

அவ்வழக்கத்துக்குத் தலைவணங்கி, வறுத்த மிளகாய் வாளியை மடியில் அணைத்தபடி, மதியம் முதல் அமர்ந்திருந்தாள் நஜ்முன்னிசா. அன்றிரவு அவள் மகன் அனஸ் திருச்சியில் துபாய் விமானம் ஏற வேண்டும். உம்மா அரைத்த தூள் இல்லாமல் அவன் கடல் கடந்ததில்லை. அவள் எழும்போதெல்லாம் வாசலில் ஓர் அரிசித் தூக்கு தோன்றியது. கடைசியாகத் தோன்றியது அறிவரசருடையது.

“சார், காரம் அரைக்கணும். எம் மவன் ஆறு மணி பஸ்ஸுல கெளம்புறான். கொஞ்சம் வுட்டுக் குடுங்க.”

பகைக்கொடி கண்ட பட்டத்து யானை எனச் சிலிர்த்தார் ஆசிரியர். மகனும் பஸ்ஸும் அவர் செவியில் விழவில்லை. காரம் மட்டும் விழுந்தது.

“காரம் வடக்கிலிருந்து வந்த சொல். சாம்பலின் எரிவைச் சொல்ல வந்தது, நம் மிளகில் ஒட்டிக்கொண்டது, மிளகாய் கப்பலில் வந்து இறங்கியதும் அதன் தலையிலும் ஏறி அமர்ந்தது. மூக்கைத் தாக்கினால் நெடி. நாவைத் தாக்கினால் உறைப்பு. சுருக்கென்று மனத்தில் பட்டாலும் உறைத்தது என்கிறோம் அல்லவா? உறைப்பு என்று கேளுங்கள், என் அரிசி ஒதுங்கி நிற்கும்.”

மில்லுக்காரர் செல்லமுத்து தலையைச் சொறிந்தார். “யோசிச்சுச் சொல்லுங்க சார். அப்பறம் ஒங்க மாவு...”

“மாவு போகட்டும், மொழி நிற்கட்டும்.”

நஜ்முன்னிசா கடிகாரத்தைப் பார்த்தாள்.

“உறைப்பு அரைக்கணும் சார்.”

“இன்னொரு முறை.”

“உறைப்பு, உறைப்பு. வழிய வுடுங்க.”

வென்றது தமிழ். பெல்ட் சுழன்றது. நால்வகைச் சேனையும் ஒருங்கே நடந்தாற்போல் செந்தூள் எழுந்து கூரையை மறைக்க, தும்மல்கள் வெற்றிச் சங்கென முழங்க, நெடியின் நடுவே நீர் வழியும் கண்களோடு நின்றார் நாயகர். அது ஆனந்தக் கண்ணீர் என்றே அவர் நம்பினார். சூடு ஆறாத தூளைச் சுமந்து ஓடிய தாய், நகரத் தொடங்கிய பஸ்ஸின் சன்னல் வழியே அதை மகன் மடியில் போட்டாள். செல்லமுத்து இரண்டு கை தவிட்டை ஓட்டி இயந்திரத்தைத் துடைத்தார். பிறகு பச்சரிசியைக் கொட்டினார்.

இரவு, தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் சூடிய இளஞ்சிவப்புப் புட்டை மனைவி வெற்றிச்செல்வி தட்டில் வைக்க, மொழிகாத்த அந்நா முதல் கவளத்தை ஏற்றது. நெற்றி வியர்த்தது. காது சிவந்தது.

“தண்ணி குடு செல்வி, ஒரே காரம்.”