சாணைக்குப் போன கத்தரி

"கத்தரிய எங்கப்பா காணோம்?" என்று லிங்கசாமிக் கவுண்டர் கேட்டபோது, அது ராயப்பனின் சோற்றுப் பையில், தூக்குப்போசிக்கு அடியில், ஒரு துண்டில் சுற்றிக் கிடந்தது.

"சாணைக்குக் குடுத்திருக்குதுங்க," என்றான் ராயப்பன்.

ஏழு வருஷமாக இதே பதில்தான். ஆயுத பூஜைக்கு முதல் நாள் கவுண்டரின் பனியன் கம்பெனி அல்லோலகல்லோலப்படும். மெஷின்களைத் துடைத்து எண்ணெய் விட்டு, வாழைக்கன்று கட்டி, ஊசிப் பெட்டி வரைக்கும் முருகன் படத்துக்கு முன்னால் கொண்டுவந்து அடுக்குவார்கள். கட்டிங் மாஸ்டர் ராயப்பனின் கத்தரி மட்டும் அன்றைக்குப் பார்த்து மழுங்கிப் போகும். மறுநாள் ராயப்பனுக்கு வயிறு சரியில்லாமல் போகும். பூஜை முடிந்ததும் கத்தரி, வயிறு இரண்டும் தேறி ஒன்றாக வேலைக்கு வந்துவிடும்.

பாவம், அவனும்தான் என்ன செய்வான்? வேதக்காரன், கிறிஸ்தவன். சின்ன வயதில் ஞானோபதேச வகுப்பில் பத்துக் கற்பனைகளின் முதலாவதை, 'வேறு தெய்வத்தைக் கும்பிடாதே' என்பதை, தப்பாகச் சொல்லி வாங்கிய பிரம்படி இன்னும் அவனுக்கு மறக்கவில்லை. போதாக்குறைக்கு வீட்டுக்காரி திரேசாள் மாதா சபைத் தலைவி. கத்தரியில் குங்குமம் ஒட்டியிருந்தால் அன்றைக்குச் சோறு கிடைக்காது.

அதற்காகக் கத்தரிக்குப் பக்தி இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. தினமும் காலையில் துணியை அடுக்கிப் போட்டதும், ராயப்பன் எல்லோருக்கும் முதுகைக் காட்டி நின்று, கட்டைவிரலால் கத்தரியில் சிலுவை போட்டு, தொழிலாளிகளைக் காக்கும் புனிதரிடம், "சூசையப்பரே, கை தவறாமப் பாத்துக்கோ" என்று முணுமுணுத்துவிட்டுத்தான் முதல் வெட்டு வெட்டுவான். தமிழில் பூசை வைக்க ஆரம்பித்த புதுச் சாமியார், துணி வெட்டுவதும் ஒரு செபந்தான் என்று பிரசங்கம் செய்த அன்றைக்கு அவனுக்குப் பெருமை தாங்கவில்லை.

இதையெல்லாம் கவுண்டரிடம் நேராகச் சொல்லிவிடலாம்தான். ஆனால், அவன் டைபாய்டில் கிடந்தபோது ஒரு மாதம் முழுக்க வீட்டுக்குப் பால் அனுப்பிய மனுஷன் அவர். அவரிடம் போய், "உங்க சாமி முன்னால என்ற கத்தரிய வெக்க மாட்டனுங்க" என்று எந்த வாயால் சொல்வது? அவர் மனசு நொந்துவிட்டால்? அந்தப் பயத்திலேயே ஏழு வருஷம் ஓடிவிட்டது.

"இந்த வருசம் அந்தக் கதையெல்லாம் ஆவாது," என்றார் கவுண்டர். "கல்கத்தா ஆர்டர் முச்சூடும் அந்தக் கத்தரி வெட்டுனது. பூசைல நட்டநடுவால அதுதான் இருக்கோணும். பொட்டும் நீதான் வெக்கோணும். டேய் நல்லா! சைக்கிள எடுத்துட்டு அனுப்பர்பாளையம் போயி, சாணைக்கார ஆறுச்சாமிகிட்டக் கத்தரிய வாங்கியா!"

வாட்ச்மேன் நல்லான் சைக்கிளை எடுத்தான். ராயப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நல்லான் போனால் வெறுங்கையோடு வருவான், குட்டு உடைந்துவிடும்.

"கடை சாத்தியிருக்குமுங்க! அங்க எழவுங்க!"

"எழவா? ஆருக்கு?"

அவசரத்தில் வேறு பேர் வாயில் வரவில்லை.

"ஆறுச்சாமிக்கேதானுங்க."

"அடப் பாவமே!" கவுண்டர் துண்டை உதறித் தோளில் போட்டார். "நேத்துக்கூடச் சந்தைல பாத்தனே! செரி, பூக்கடைல மாலைய வாங்கிட்டு ஒரு எட்டுப் போய்ட்டு வந்தர்றேன். டிரைவர எங்க?"

ராயப்பன் சோற்றுப் பையைத் தூக்கித் தன் சைக்கிளில் மாட்டினான்.

"எங்கீங்க மாஸ்டர்?" என்றான் நல்லான்.

"வயித்து வலிப்பா."

"அது நாளைக்குத்தானுங்களே வரும்?"

அதற்குள் ராயப்பன் கேட்டைத் தாண்டியிருந்தான்.

நாக்குத் தள்ள மிதித்து அவன் அனுப்பர்பாளையம் சேர்ந்தபோது, தெருவெல்லாம் பித்தளைப் பாத்திரம் தட்டுகிற சத்தம். காலமான ஆறுச்சாமி திடகாத்திரமாக உட்கார்ந்து, தீப்பொறி பறக்க ஓர் அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, நீங்க செத்துப் போயிட்டீங்க," என்றான் ராயப்பன், மூச்சு வாங்க.

"எப்பங்க?"

"சித்த முன்னால. எங்க மொதலாளி மாலையோட வந்துட்டிருக்கறாரு. உங்களக் கும்பிட்டுக் கேக்கறேன், ஒரு பத்து நிமிசம் உள்ள போயிக் கண்ண மூடிப் படுத்துக்குங்க."

ஆறுச்சாமி அரிவாளைக் கீழே வைக்கவில்லை. "நாளைக்கு ஆயுத பூசைங்க மாஸ்டர். முப்பது அருவா காத்துக் கெடக்குது. இன்னைக்குச் சாவறதுக்கெல்லாம் எனக்கு நேரமில்லீங்க."

வாசலில் ஹாரன் சத்தம் கேட்டது. கவுண்டர் மாலையும் கையுமாக இறங்கினார். சாமானிய மாலை இல்லை. நெருக்கிக் கட்டிய சம்பங்கி, நடுநடுவே மரிக்கொழுந்து, மேலே சரிகைச் சுற்றல். டிரைவர் ஒரு முனையைத் தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தது.

"அட, ஆறுச்சாமி! நல்லாத்தான இருக்கற?"

"உங்க புண்ணியத்துல இன்னும் இருக்கறனுங்க."

கவுண்டர் ராயப்பனைப் பார்த்தார். ராயப்பன் மேலே பார்த்தான். சூசையப்பர் கைகொடுக்கவில்லை. பொய்க்கு அவர் எப்படிக் கைகொடுப்பார்?

"நாந்தானுங்க பதட்டத்துல மாத்திச் சொல்லிப்போட்டேன். செத்தது இவரு எருமைங்க."

கொல்லைப்புறத்தில் ஓர் எருமை நீளமாகக் கத்தியது.

"அது வேற எருமைங்க," என்றான் ராயப்பன்.

ஆறுச்சாமி வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார். பிறகு மாலையைக் கண்ணால் அளந்து, "ஏனுங்க கவுண்டரே, எழவு ஊட்டுக்கு ஆராச்சும் சரிகை மாலை கொண்டாருவாங்களா?" என்றார்.

"அது கெடக்குது உடு. எங்க மாஸ்டரு கத்தரி என்னாச்சு?"

"அத... இன்னும் சாணை புடிக்கலீங்க," என்று ராயப்பனே முந்திக்கொண்டு சொல்லிச் சைக்கிளை நகர்த்தினான். அவசரமாகத் திருப்பியதில் ஹாண்டில்பாரிலிருந்து சோற்றுப் பை நழுவியது. டமாரென்று விழுந்தது. போசி ஒரு பக்கம் உருண்டது, துண்டு ஒரு பக்கம் அவிழ்ந்தது, கத்தரி பளபளவென்று வெயிலில் வாயைப் பிளந்து கிடந்தது.

கவுண்டர் அந்த நேரம் பார்த்துத் தெருப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"என்னப்பா சத்தம்? போசியா?"

"போ... போசிதானுங்க." ராயப்பன் கத்தரியின் மேல் உட்கார்ந்தே விட்டான்.

"பாத்துப்பா, சோறு கொட்டீரப் போவுது. செரி, சாணை புடிக்காத கத்தரிய வெச்சு எப்புடிப் பூசை போடறது? அடுத்த வருசம் பாத்துக்கலாம். நாளைக்கு நீ வயித்தப் பாத்துக்க." மாலையோடு கார் கிளம்பிப் போய்விட்டது.

கண்டம் தப்பியது என்று ராயப்பன் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். முடியவில்லை. ஒரே மத்தியானத்தில் ஒரு மனுஷனையும் ஓர் எருமையையும் கொன்றாகிவிட்டது. அதைவிட, செத்தவனுக்கு மாலை வாங்கிக்கொண்டு ஓடி வந்த அந்த வெள்ளை மனசுக்காரரை இப்படி முட்டாளாக்கிவிட்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டான். வேலை போனாலும் போகட்டும். சாமியாரிடம் பாவத்தையெல்லாம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணிவிட்டு, கையோடு கவுண்டர் வீட்டுக்குப் போய்க் காலில் விழுந்து நிஜத்தைச் சொல்லிவிடுவது என்று முடிவு கட்டினான்.

பொழுது சாய்கிற நேரத்தில் வேதக்கோயிலுக்குள் நுழைந்தான். பாவசங்கீர்த்தனத் தொட்டி காலியாக இருந்தது. சாமியார் பெருமாநல்லூருக்கு ஒரு நோயாளிக்கு நற்கருணை கொடுக்கப் போயிருக்கிறாராம். கோயில்பிள்ளை மிக்கேல் மட்டும் குத்துவிளக்கில் ஒட்டிய மெழுகைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"இருந்து பாத்துட்டுப் போங்க மாஸ்டர், வந்துருவாரு."

சரி, அதுவரைக்கும் சூசையப்பரிடமாவது அழுதுவிட்டுப் போகலாம் என்று ராயப்பன் சுரூபத்துக்கு முன்னால் முழந்தாள் போட்டான். கும்பிட்ட கையை நெற்றிக்குக் கொண்டுபோனவன் பாதியிலேயே நிறுத்திவிட்டான்.

இழைப்புளியும் கையுமாக நிற்கிற தச்சர் சூசையப்பரின் கழுத்தில் ஒரு மாலை. நெருக்கிக் கட்டிய சம்பங்கி. நடுநடுவே மரிக்கொழுந்து. மேலே சரிகைச் சுற்றல். காலடியில் ஒரு புது மெழுகுதிரி நின்று எரிந்துகொண்டிருந்தது.

"மிக்கேலு," என்றான், மாலையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "இத ஆருப்பா போட்டது?"

மிக்கேல் சுரண்டுவதை நிறுத்தவில்லை.

"ஏனுங்க, உங்க மொதலாளிதானுங்க. 'என்ற மாஸ்டரு கத்தரிக்கு இங்கதான் பூசை'ன்னு ஏழு வருசமா ஆயுத பூசைக்கு முந்தின நாள் வந்து போட்டுட்டுத்தான் போறாரு. இந்த மாலையக்கூடப் போன வாரமே பூக்கடைல சொல்லி வெச்சிருந்தாருங்க!"