என் கதிரையில் யாரையும் இருக்கவிடாதேயும்

கார்ஹிங், ஜேர்மனி
02.05.2025

அன்புள்ள மச்சான் கார்த்திகனுக்கு,

அத்தான் மதிசுதன் எழுதிக்கொள்வது. நானும் உம்முடைய அக்கா அஜிதாவும் இங்கே உயிரோடு இருக்கிறோம். நீரும், வீட்டில் எல்லாரும், செயலகத்தில் என் மேசையும் அவ்வாறே இருக்க நல்லூரான் துணை. வாட்ஸ்அப் இருக்கக் கடிதம் எதற்கு என்று நீர் சிரிப்பீர். லீவு சம்பந்தப்பட்ட விடயம் கடதாசியில்தான் இருக்கவேண்டும், அது ஒன்று. மற்றது, போன முறை நான் அனுப்பின குரல் பதிவை நீர் செயலகத்தில் சத்தமாகப் போட்டு, வாசலில் நிற்கிற காவலாளி வரைக்கும் கேட்டுச் சிரித்ததாகத் தகவல் கிடைத்தது. கடிதத்தை அப்படிப் போட ஏலாது.

விடயத்துக்கு வருகிறேன். என் சம்பளமற்ற லீவு இம்மாதம் 31ஆந் திகதி முடிகிறது. 28ஆந் திகதி எனக்கு விமானம். உம்முடைய அக்காவின் ஆராய்ச்சி ஒப்பந்தம் இன்னும் ஒன்றரை வருடம் கிடக்கிறது. அவ இருப்பா, நான் வருவேன். ஆகவே பிரதம லிகிதரின் கதிரை என்னுடையது. எனக்குப் பதில் கடமை பார்க்கிற பேர்பெச்சுவா அக்கா அதில் பூப்போட்ட மெத்தை ஒன்று போட்டிருக்கிறா என்று நீர் சொன்ன நாளிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நான் ஒரு நாள் பிந்தினாலும் பதவியை அவவுக்கே நிரந்தரமாக்கிப்போடுவார்கள். மெத்தையை மெல்ல எடுத்து அலுமாரிக்குப் பின்னால் போடும். கேட்டால் எலி இழுத்தது என்று சொல்லும்.

ஏன் அத்தான், ஜேர்மனி பிடிக்கவில்லையோ என்று கேட்பீர். பிடிக்காமல் என்ன, சொர்க்கமல்லவா. கேளும். வீடு தேடி ஏழு இடம் பார்த்தோம். ஏழிலும் குசினி என்று ஒரு அறை இருந்தது. அடுப்பு இல்லை, தட்டு இல்லை, கோப்பை கழுவுகிற தொட்டிகூட இல்லை, சுவரிலிருந்து இரண்டு குழாய் மட்டும் எட்டிப் பார்த்தது. முந்திக் குடியிருந்தவர்கள் போகும்போது குசினியைக் கழற்றி ஏற்றிக்கொண்டு போய்விடுவார்களாம். மின்குமிழையும் விட்டுவைப்பதில்லை. ஊரில் இதைச் செய்தால் பொலிசில் முறைப்பாடு, இங்கே இது வழமை. எட்டாவது வீட்டில்தான் அடுப்பு இருந்தது. கறுப்புக் கண்ணாடி அடுப்பு, புத்தம் புதுசு, அதில் முகம் பார்த்துச் சீப்பால் தலை இழுக்கலாம். வீட்டுக்காரி அதைத் தன் கையால் துடைத்துத் துடைத்துக் காட்டினா. அவவின் குடும்பப் பெயரைச் சொல்லப்போனால் எனக்கு நாக்குப் பிரளும், ஆகவே வீட்டுக்குள் நாங்கள் சாண்ட்ரா என்றே சொல்லுவோம். அறுபது வயது, காதில் பென்சில், முகத்தில் சிரிப்பென்று ஒன்றும் கிடையாது. எனக்கு உடனே பிடித்துவிட்டது.

வீடு ஒப்படைக்கிற நாள் வந்தது. சாண்ட்ரா நாலு பக்கப் பத்திரத்தோடு அறை அறையாகப் போய், சுவரில் ஆணி ஓட்டை ஏழு, கதவில் கீறல் இரண்டு, யன்னல் கைப்பிடி சற்று இளக்கம் என்று எழுதிக்கொண்டு போனா. இருபத்திமூன்று வருடம் செயலகத்துக் கதிரை மேசைகளை எண்ணினவன் நான். ஓட்டையையும் எண்ணலாம் என்று ஒருநாளும் தோன்றினதில்லை. இந்த நேரம் பார்த்து உம்முடைய அக்கா என்னை இழுத்து, அம்மா பஞ்சாங்கம் பார்த்து அனுப்பின நல்ல நேரம் பதினொன்று இருபதோடு முடிகிறது, இப்பவே பால் காய்ச்சவேண்டும் என்றா. வீட்டுக்காரி போகட்டும் என்றேன். சாண்ட்ரா இன்னும் குளியலறை எண்ணத் தொடங்கவில்லை, போக மத்தியானம் ஆகும் என்றா. உமக்குத் தெரியும், கலியாணம் முடிந்து பதினாலு வருசம் உம்முடைய அக்கா பேராதனையில் விரிவுரை, நான் யாழ்ப்பாணத்தில் செயலகத்துக் கோவைக் கட்டு. இரண்டு பேரும் சேர்ந்து பால் காய்ச்ச எங்களுக்கென்று ஒரு வீடு இருந்ததில்லை. அதை நினைத்து நானும் இளகிப்போனேன். அதுதான் நான் விட்ட பிழை.

சட்டியை வைத்து, விளிம்பு வரைக்கும் பாலை ஊற்றி, ஃபோனில் திசை பார்த்து, கிழக்குப் பக்கம் சரியட்டும் என்று அடியில் ஒரு கரண்டியையும் செருகினோம். பால் எழும்பத் தொடங்கவும் சாண்ட்ரா குசினிக்குள் வரவும் சரியாக இருந்தது. மனிசி பாய்ந்தா. நான் இரண்டு கையையும் விரித்து மறித்தேன். எத்தனையோ பேரை மேலதிகாரியின் அறைக்குள் போகவிடாமல் மறித்த கை அல்லவா, பழக்கம் விடுமோ. பால் பொங்கிச் சரிந்து, அந்தப் புதுக் கண்ணாடி முழுக்க ஓடி, விளிம்பால் இறங்கி, நிலத்தில் சொட்டினது. அடுப்பு கீக் கீக் என்று கத்தித் தானாகவே நின்றது. நாங்கள் இரண்டு பேரும் கைகூப்பி நின்றோம். கிழக்காலதான் பொங்கினது என்று உம்முடைய அக்கா கண்கலங்கிச் சொன்னா. சாண்ட்ரா அடுப்பைப் பார்த்தா, எங்களைப் பார்த்தா, பால் பொங்குவதைக் காணவில்லையோ என்று ஆங்கிலத்தில் கேட்டா. கண்டோம் என்றேன். அப்படியென்றால் ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டா. பொங்கவேண்டும் என்றுதானே வைத்தோம் என்றேன். ஒரு அரச ஊழியன் தேவையில்லாத இடத்தில் உண்மை பேசினால் என்ன நடக்கும் என்று அன்றைக்குக் கண்டேன். மனிசி பக்கத்தைப் புரட்டி, இருந்து, நிதானமாகப் பதினொரு வரி எழுதினா.

எழுதினதோடு விட்டாவோ? இங்கே குடிவந்தவர்கள் நகரசபையில் பதியவேண்டும். பதிய, வீட்டுக்காரி கையெழுத்து வைத்த ஒரு துண்டு வேண்டும். பதியாவிட்டால் வதிவிட அட்டை இல்லை, அட்டை இல்லாவிட்டால் உம்முடைய அக்காவுக்கு வேலை இல்லை, இரண்டு பேரும் பெட்டியைக் கட்டவேண்டியதுதான். அந்தத் துண்டில் சாண்ட்ரா கையெழுத்து வைக்கவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. போய்க் கதவைத் தட்டினால் டெர்மின் இருக்கிறதோ என்று கேட்டா. கீழ் வீட்டில் இருக்கிற மனிசியைப் பார்க்க முன்கூட்டியே நாள் குறிக்கவேண்டுமாம். வியாழன் போனேன், யோசிக்கிறேன் என்றா. திங்கள் போனேன், பத்திரத்தை இன்னொருக்கால் வாசிக்கவேண்டும் என்றா. மச்சான், இது என்னுடைய வேலையல்லவா? நானல்லவா ஆட்களை இப்படித் திருப்பி அனுப்புகிறவன்? என் சரக்கையே எனக்கு விற்கிறாள் ஒருத்தி, அதுவும் என்னைவிட ஒழுங்காக. படியேறி வரும்போது, காணி உறுதிப் பத்திரத்துக்கு ஒன்பது தரம் என்னிடம் அலைந்த தம்பித்துரை ஐயாவின் முகம் கண்ணில் வந்தது. அவருடைய கோவை என் மேசையின் இரண்டாம் லாச்சியில் கிடக்கிறது, எடுத்துக் கொடுத்துவிடும்.

கடைசியில் உம்முடைய அக்காவின் ஆய்வுகூடத்தில் படிக்கிற கம்சனா என்ற பிள்ளை வந்துதான் காப்பாற்றினது. வுப்பர்டாலில் பிறந்து வளர்ந்தது. தாய் தகப்பன் எங்கட பக்கம். தமிழ் கொஞ்சம் இடறும், ஜேர்மன் மழைபோலக் கொட்டும். வீடு நிறைந்து வழியவேண்டும் என்பதற்காகத்தான் பாலை வழியவிடுகிறார்கள் என்று அது சாண்ட்ராவுக்கு விளக்கினது. சாண்ட்ரா சிரிக்கவில்லை, அழவுமில்லை. எத்தனை தரம் செய்வார்கள், எவ்வளவு பால், எப்பவும் கிழக்கா என்று மூன்றே கேள்வி கேட்டு, மூன்றையும் குறித்துக்கொண்டா. பிறகு வாடகை ஒப்பந்தத்தை எடுத்து, குடிபுகும் நாளில் ஒரு தரம் மட்டும், இருநூறு மில்லிலீற்றருக்கு மேற்படாமல், வீட்டுக்காரர் முன்னிலையில் பாலைப் பொங்கவிடலாம், துடைப்பது குடியிருப்பவரின் பொறுப்பு என்று ஒரு வாசகம் சேர்த்து, நாலு கையெழுத்து வாங்கினா. "அங்கிள், இனி இது சட்டம்" என்றாள் கம்சனா. நகரசபைக்கான அந்தத் துண்டும் கிடைத்தது. இருபத்திமூன்று வருடமாகச் சுற்றறிக்கை எழுதுகிறேன், இவ்வளவு சுத்தமாக ஒன்று எழுதினதில்லை. அதையும் நான் பொறுத்துக்கொண்டேன்.

பொறுக்க முடியாதது மற்றதெல்லாம். வதிவிட அட்டையில் நான் உடன் வந்த குடும்ப உறுப்பினர். அவ்வளவுதான் என் பதவி. அங்கே நான் உள்ளே வந்தால் ஆறு பேர் எழும்புவார்கள். இங்கே நான் றோட்டில் இறங்கினால் சைக்கிள்காரன் மணி அடித்து ஒதுங்கச் சொல்லுகிறான். பேராசிரியர் வீட்டு விருந்தில் என்ன வேலை என்று கேட்டார்கள். பிரதம லிகிதர் என்று விளக்கினேன், ஒரு அம்மா என் தோளில் தட்டி உருளைக்கிழங்கு போட்டா. பகல் முழுக்கப் புட்டு அவிக்கிறேன், உடுப்பு மடிக்கிறேன், யன்னலால் பார்க்கிறேன். இதற்குள் உம்முடைய அக்காவின் குணங்கள் வேறு. பல்லு விளக்கும்போது பாட்டு முணுமுணுக்கிறா. அலுமாரிக் கதவு ஒன்றையும் மூடமாட்டா, என் தலை இரண்டு தரம் இடிபட்டுவிட்டது. தேத்தண்ணியைப் பாதி குடித்துவிட்டு எங்கே வைத்தேன் என்று என்னைக் கேட்கிறா. இவ்வளவையும் கலியாணப் பேச்சில் ஏன் ஒருத்தரும் சொல்லவில்லை? பதினாலு வருசம் கழித்து ஜேர்மனிக்கு வந்துதானா நான் இதைக் கண்டுபிடிக்கவேண்டும்?

ஆகவே 28ஆந் திகதி வருகிறேன். கதிரை கவனம். மாமிக்கு என் வணக்கம். பஞ்சாங்கத்தைக் கொஞ்ச நாளைக்கு மூடி வைக்கச் சொல்லும். உமக்கும் ஜசிந்தாவுக்கும் பிள்ளைகளுக்கும் குறையாத சுகமும், செயலகத்துக்குத் தடைப்படாத மின்சாரமும், எனக்கு என் ஆசனமும் கிடைக்க எல்லாம் வல்லவன் அருள்புரியட்டும்.

இங்ஙனம்,
உமது அத்தான்,
மதிசுதன்
பிரதம லிகிதர் (லீவில்)

பி.கு. 05.05.2025. வெள்ளிக்கிழமை எழுதி ஒட்டின கடிதத்தை இன்று திங்கள் திரும்பப் பிரித்து எழுதுகிறேன். நேற்றுக் காலமை நான் பெட்டியைத் தூசி தட்டிக்கொண்டிருக்க, உம்முடைய அக்கா வந்து கட்டிலில் இருந்தா. போகவேண்டாம் என்று சொல்லுவா, நானும் நல்லாய்ப் பதில் சொல்லலாம் என்று ஆயத்தமாக நின்றேன். அவ அதைச் சொல்லவில்லை.

"போயிட்டு வாங்கோ. வேலை முக்கியம்தானே. ஆனா இண்டைக்கு நூற்றிரண்டாவது நாள்."

என்ன நூற்றிரண்டு என்று கேட்டேன்.

"நாங்கள் ரெண்டு பேரும் ஒரே வீட்டில விடிய எழும்பினது. இதுக்கு முதல் ஆகக் கூடினது பதினாறு நாள். அதுவும் உங்களுக்கு டெங்கு வந்தபடியால."

மச்சான், இருபத்திமூன்று வருசமாக எல்லாருடைய வரவுப் பதிவேட்டையும் பார்த்துக் கையெழுத்து வைக்கிறவன் நான். இதை ஒருத்தி பதினாலு வருசமாக எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறா, எனக்குத் தெரியாது. சரியான வெட்கமாகப் போய்விட்டது. பெட்டியைத் திரும்பக் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன், சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு றோட்டில் நடக்கப் போய்விட்டேன். இரவு முழுக்க யோசித்து, காலமை முடிவெடுத்தேன்.

லீவு நீடிப்பு விண்ணப்பம் இத்துடன் இருக்கிறது, ஒன்றரை வருடத்துக்கு. பதவி போகும் என்று தெரிந்துதான் கேட்டிருக்கிறேன். வழக்கம்போலக் கோவைக்கு அடியில் செருகாமல் அன்றைக்கே மேலே அனுப்பும். பேர்பெச்சுவா அக்காவை என் கதிரையில் நல்லாய் இருக்கச் சொல்லும். அந்த இடத்தில் ஃபான் காற்று நேரே பட்டுக் கழுத்துப் பிடிக்கும், கதிரையைக் கொஞ்சம் சுவர்ப்பக்கம் தள்ளிப் போட்டால் நல்லது. உம்முடைய அக்காவுக்கு நான் இன்னும் சொல்லவில்லை. இந்தக் கடிதம் உமக்குக் கிடைக்கப் பன்னிரண்டு நாள் செல்லும், அவவுக்கு இண்டைக்கே சொல்லிவிடுவேன். அஞ்சே முக்காலுக்கு வீட்டுக்கு வந்திடுவா. ஒவ்வொரு நாளும் வாறா, மச்சான்.