ஆளுக்கேற்ற பாய்

கடலுக்கும் கள்ளக்குறிச்சிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அதை ஏற்படுத்தியே தீருவது என்று பிறவி எடுத்து வந்தவர் எங்கள் கப்பல்காரர்.

கல்வராயன் மலையடிவாரத்தில் ஓர் அணை. அங்கே பொதுப்பணித் துறை அலுவலகத்தில் நான் குமாஸ்தா, அவர் மதகுக் காவலர். பழைய கடற்படைக்காரர். கப்பலில் உருளைக்கிழங்கு உரித்தார் என்று ஒரு கட்சி, கப்பலையே ஓட்டினார் என்று இன்னொரு கட்சி. இரண்டாவது கட்சியில் அவர் ஒருவர்தான் இருந்தார். சம்பளப் பட்டியலில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார்.

பழைய பலகைகளை அறைந்து, தார் பூசி, ஒரே அளவில் மூன்று படகுகள் செய்திருந்தார். ஒரு படகுக்கு ஓர் ஆள்தான். பாய்மரத்தில் கட்ட யூரியா சாக்கு. பாய் மட்டும் மூன்று அளவில் தைத்திருந்தார்: பெருசு, நடு, சிறுசு.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த சமயம். ரோடெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். அணையைப் பார்வையிட ஜீப்பில் வந்த இன்ஜினியர் திரும்பிப் போக முடியாமல் எங்களோடு மாட்டிக்கொண்டார். மலையிலிருந்து புளி விற்க இறங்கிய வெள்ளச்சி என்ற பெண்ணும் மாட்டிக்கொண்டார். அவருக்கு ஒரு கால் சூம்பியிருந்தது. பஸ் இல்லாமல் மலையேற முடியாது. கப்பல்காரர் வீட்டில் அவர் மனைவிக்குத் துணையாகத் தங்கிய வெள்ளச்சி, நாலு நாளில் படகு விடக் கற்றுக்கொண்டுவிட்டார். தண்ணீரில் காலுக்கு என்ன வேலை?

ஐந்தாம் நாள் இன்ஜினியர் கண்ணில் படகுகள் பட்டன.

“சர்க்கார் தண்ணியில உன் கப்பலா? ஒடைச்சு வெறகாக்குய்யா!”

“ஒடைக்கிறேங்க. ஒரு தபா நீங்களே ஓட்டிப் பாத்துட்டு சொல்லுங்க.”

இருந்த ஒரே செய்தித்தாளை அச்சகத்தின் பெயர் வரைக்கும் மூன்று முறை படித்து முடித்திருந்தார் இன்ஜினியர். பொழுது போகவில்லை. “சரி, பந்தயம். நான் தோத்தா இந்தப் பேச்ச விட்டுடறேன். ஜெயிச்சா, உன் கையாலயே ஒடைக்கணும்.”

ஆளுக்கொரு படகு என்று இன்ஜினியர், வெள்ளச்சி, நான் மூவரையும் கப்பல்காரர் சிமெண்டு மூட்டைத் தராசில் ஏற்றினார். இன்ஜினியருக்கு முள் நூறைத் தாண்டியது. என் முறை வந்தபோது, முள் கிளம்பலாமா என்று யோசித்தது. இன்ஜினியருக்குப் பெரிய பாய், வெள்ளச்சிக்கு நடு, எனக்குச் சிறுசு.

கரையில் நின்ற ஜீப் டிரைவருக்குப் பொறுக்கவில்லை. “இன்னாபா இது? எல்லாருக்கும் ஒரே அளவு குடு. அதான் நாயம்.”

“ஒரே அளவு குடுத்தாதான்பா அநியாயம். சார் பாய இந்தத் தம்பிக்குக் கட்டுனா, காத்து இவரத் தூக்கிக்கினு மலைக்குப் போயிடும். அப்புறம், வெள்ளச்சி நாலு நாளா பழகிக்கினு இருக்குது. அது நூறு எண்ணிட்டு அப்பால கெளம்பட்டும்.”

“இங்கயும் ஒதுக்கீடா?”

“பின்ன? ரோட்டுல மரம் எதுக்குக் கெடக்குதுன்னு நெனச்ச?”

அரசு ஊழியர்கள் ஆகையால் இன்ஜினியரும் நானும் வானத்தைப் பார்த்தோம்.

தண்ணீருக்கு நடுவே ஒரு பட்டமரம். அதைச் சுற்றிவிட்டு வர வேண்டும். மரத்தைச் சுற்றும்போதே நான் கவிழ்ந்தேன். அதனால் மற்றதை நீந்திக்கொண்டே பார்க்கும் பாக்கியம் கிடைத்தது.

முன்னால் போன இன்ஜினியரைப் பின்னாலிருந்து வெள்ளச்சி விரட்டிக்கொண்டு வந்தார். போட்டியாளர் என்பதே அவருக்கு மறந்துவிட்டது. “ஐயா, கயித்த மடியில வச்சுக்கினு குந்திக்கினு இருக்கீங்களே! இழுங்க! பின்னால சாயுங்க!”

அந்த நேரம் பார்த்து மலையிலிருந்து ஒரு காற்று இறங்கியது. வெள்ளச்சியின் படகு ஒருக்களித்தது. இன்ஜினியர் விளிம்பில் உட்கார்ந்து நூற்றுச் சொச்சம் கிலோவையும் பின்னால் சாய்த்தார். அவர் படகு சாயவில்லை, பறந்தது. ஒரு முழ வித்தியாசத்தில் ஜெயித்தார்.

இறங்கினவர் சேற்றில் அப்படியே நின்றார். “பள்ளிக்கூடத்துல ஒரு பந்தயத்துலகூட என்னைச் சேத்துக்கிட்டதில்லய்யா,” என்றார், யாரையும் பார்க்காமல்.

கப்பல்காரர் கோடாலியோடு வந்தார். முகத்தில் வருத்தமோ கோபமோ இல்லை. “ஜெயிச்சிட்டீங்க. சொன்ன சொல்லு சொன்னதுதாங்க.” முதல் படகுக்கு நேரே ஓங்கிவிட்டார்.

“யோவ்! கோடாலியக் கீழ வைய்யா!” அணை முழுக்க எதிரொலித்தது. “நாளைக்குக் காலைல இன்னொரு தடவ.”

“நாளைக்கு நான்தான் ஜெயிப்பேன்,” என்றார் வெள்ளச்சி. ஜெயிக்கவும் செய்தார்.

ரோடு திறந்த பிறகும் இன்ஜினியருக்குப் பார்வையிட இரண்டு நாள் வேலை மிச்சமிருந்தது. அணையைக் கண்காணிக்க மூன்று படகுகள் அவசியம் என்று அறிக்கை கொடுத்தார். டைப் அடித்தவன் நான்.

அப்புறம் எத்தனையோ பந்தயம். எல்லாவற்றிலும் நான்தான் கடைசி. மாற்றல் உத்தரவு வந்தபோது கப்பல்காரரிடம் விடைபெறப் போனேன். “ஒரு தபாகூட ஜெயிக்காமப் போறேனே,” என்றேன் சிரித்துக்கொண்டே.

அவர் சிரிக்கவில்லை. என்னை மேலும் கீழும் அளந்து பார்த்தார். “உன்மேல தப்பில்ல தம்பி. உனக்கு ஏத்த பாய நான் இன்னும் தைக்கல.”

வீட்டிலும் சரி, ஆபீசிலும் சரி, என் தோல்விக்குத் தன்மேல் பழி போட்டுக்கொண்ட மனிதர் எனக்கு வேறொருவர் வாய்க்கவில்லை.